22 வருஷ வயித்தெரிச்சல கோர்ட்டு வன்மம்னு எடுத்துக்குமா?

தென்னாப்பிரிக்காவுல டர்பனோட சாட்ஸ்வொர்த்லேருந்து ஒரு அம்மா ஆறு பக்கம் கையால எழுதி, ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்காங்க. பேரு, கோயில் பேரு, ரோடு பேரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சுருக்கி சொல்றேன்.

அவங்களுக்கு 51 வயசு. கும்பகோணம் பக்கத்துலேருந்து கல்யாணம் ஆகி டர்பனுக்கு வந்து 22 வருஷம் ஆகுது. கணவரோட அண்ணன் மனைவி, அதாவது ஓரகத்தி, இங்கயே பொறந்து வளந்தவங்க. ரெண்டு பேரும் ஒரே கோயில் கமிட்டியில இருக்காங்க, இவங்க பொருளாளர், ஓரகத்தி செயலாளர். இந்த வருஷம் தைப்பூசக் காவடி முடிஞ்சதும் உண்டியல், அர்ச்சனை, சாப்பாட்டு டிக்கெட் எல்லாம் சேத்து 18,600 ராண்ட் கையில இருந்துது. கோயில் அக்கவுண்ட்டோட டெபாசிட் கார்டு காலாவதி ஆகியிருந்ததால பணத்த வீட்டு பீரோவுல வெச்சுட்டு, புது கார்டு வந்ததும், 23 நாள் கழிச்சு, ஒரு ராண்ட் கொறையாம பேங்க்ல போட்டுட்டாங்க. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஓரகத்தி போலீஸ் ஸ்டேஷன்ல போய் 'கோயில் பணத்த திருடிட்டா'ன்னு அஃபிடவிட்ல, அதாவது சத்தியம் பண்ணிக் குடுக்கற வாக்குமூலத்துல, கையெழுத்துப் போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைது, திங்கக்கிழமை காலைல கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற வரைக்கும் போலீஸ் செல்லுல. அதுக்கப்புறம் நாலு தடவ கோர்ட் வாசல்ல நின்னு, போன மாசம் ப்ராசிக்யூட்டர், அதாவது அரசு தரப்பு வக்கீல், கேஸ வாபஸ் வாங்கிட்டார்.

நடுவுல ஒரு நாள் இவங்களுக்கும் கோவம் தலைக்கேறி, ஓரகத்தி வீட்டு வாசல்ல அவங்க கையில இருந்த ஃபோனப் புடுங்கி சிமெண்ட் தரையில அடிச்சு உடைச்சிருக்காங்க. அதுக்கு இவங்க மேல தனியா ஒரு கேஸ் இருக்கு. ஓரகத்தியோ 'சாமி காசத் தின்னவ'ன்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டு இன்னும் நிறுத்தல.

கேள்வி இதுதான் (மேலிஷியஸ் ப்ராசிக்யூஷன்னா, நியாயமான காரணம் இல்லாம வேணும்னே ஒருத்தர் மேல கிரிமினல் கேஸ் நடக்க வெக்கறது): "மேலிஷியஸ் ப்ராசிக்யூஷன்னு நஷ்ட ஈடு கேஸ் போட முடியுமாம்ல? வன்மத்துக்கு 22 வருஷத்து சாட்சி எங்கிட்ட இருக்கு. ஆனா இங்க ஒரு வக்கீல் கஷ்டம்னு சொல்லிட்டார். ஃபோன் உடைச்சதுல எனக்கு எந்த வன்மமும் இல்ல, கோவத்துல கை மீறிடுச்சு, அந்தக் கேஸ் நிக்காதுல்ல?" கடைசி வரி: "எனக்கு அவ பணம் வேணாம், கோயில்ல நாலு பேர் முன்னாடி நான் திருடல்லன்னு அவ வாயால சொல்லணும்."

அம்மா, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டின புடவையோட ஸ்டேஷனுக்குப் போய், ரெண்டு நாளா மகனுக்கு சோறு யார் போட்டாங்கன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்னு எழுதியிருந்தீங்களே, அதப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேப்பர கீழ வெச்சுட்டேன். அந்த அவமானம் உண்மையானது. நான் இனிமே சட்டம் பேசும்போது சில எடத்துல உங்களுக்கு எதிரா பேசற மாதிரி இருக்கும், அப்பயும் நான் உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்குங்க.

வீட்டுல சொல்ற வன்மம் வேற, கோர்ட்டுல சொல்ற வன்மம் வேற

உங்க ஆறு பக்கத்துல நாலு பக்கம் முழுக்க பழைய கதை. கல்யாணத்தன்னிக்கு அவங்க உங்க நகையப் பாத்து என்ன சொன்னாங்க, மாமியார் போன பிறகு பாத்திரம் பிரிக்கறதுல என்ன ஆச்சு, உங்க மகனுக்கு யுனிவர்சிட்டி சீட் கெடச்சப்ப ஏன் அவங்க ஸ்வீட் வாங்கிக்கல, புரட்டாசி விரதத்துல ஏன் பேசல, எல்லாம். இத நாம வீட்டுல வன்மம்னு சொல்வோம், வஞ்சம், வயித்தெரிச்சல், கறுவிக்கிட்டே இருக்கான்னு சொல்வோம். தமிழ்ல இந்த வார்த்தைங்க எல்லாமே மனசுக்குள்ள ரொம்ப நாளா ஊறிக் கிடக்கற ஒண்ணப் பத்தினது, இன்னிக்கு வந்து நாளைக்குப் போற கோவத்த யாரும் வன்மம்னு சொல்லமாட்டோம். அதனாலதான் நீங்க 22 வருஷத்த சாட்சியா எடுத்து வெக்கறீங்க, உங்க மேல தப்பில்ல, நம்ம பாஷை அப்படித்தான் யோசிக்க வெக்குது.

கோர்ட்டு அந்த 22 வருஷத்துலேருந்து ஆரம்பிக்காது. அவங்க அஃபிடவிட்ல கையெழுத்துப் போட்ட அந்த அஞ்சு நிமிஷத்துல அவங்க மனசுல என்ன தெரிஞ்சிருந்தது, அதைத்தான் மொதல்ல கேக்கும்.

இது இன்னிக்கு நேத்து வந்த வித்தியாசம் இல்ல. 1825-ல இங்கிலாந்துல ஒரு பேங்க் நொடிச்சுப் போச்சுன்னு ஒருத்தர் சொன்னதுக்காக நடந்த வழக்குல ஜட்ஜ் பேய்லி இத அப்பவே பிரிச்சு சொல்லியிருக்கார். ஜனங்க பேச்சுல மேலிஸ்னா ஒருத்தர் மேல இருக்கற கெட்ட எண்ணம், சட்டத்துல மேலிஸ்னா நியாயமான காரணமே இல்லாம ஒரு தப்பான காரியத்த வேணும்னே செய்யறது, இதுதான் அவர் சொன்னதோட சாரம். நம்ம தென்னாப்பிரிக்கச் சட்டம் ரோமன்-டச்சு வழியில வந்தது, மேலிஸ்ங்கற வார்த்தை இங்கிலீஷ் கோர்ட்டுகள் மூலமா உள்ள வந்து ஒட்டிக்கிச்சு, ஆனா உள்ள இருக்கற சரக்கு 'அனிமஸ் இஞ்சூரியாண்டி'ங்கற லத்தீன் கருத்துதான். அதுக்கு அர்த்தம் ஒருத்தரோட மானத்துக்கோ உடம்புக்கோ கேடு பண்ணணும்னு தெரிஞ்சே நெனச்சு செய்யறது. அப்பீல் கோர்ட் 2006-லயும் 2008-லயும் இதத் தெளிவா சொல்லிடுச்சு, மேலிஷியஸ் ப்ராசிக்யூஷன்ல மேலிஸ்னு சொன்னாலும் கேக்கறது அனிமஸ் இஞ்சூரியாண்டியத்தான்னு.

அதனால வெறுப்பே இல்லாத ஒருத்தர் கூட சட்டத்துக்கு முன்னாடி மேலிஸ்ல மாட்டலாம், வருஷக்கணக்கா வெறுப்புல வெந்தவங்க மேலிஸ் இல்லன்னு தப்பிக்கவும் செய்யலாம். உங்க லெட்டர்ல ரெண்டுமே இருக்கு, அதனாலதான் இத்தன விளக்கமா எழுதறேன்.

நீங்க நிரூபிக்க வேண்டிய நாலு விஷயம்

2008-ல மொலேகோ வழக்குல அப்பீல் கோர்ட் நாலா பிரிச்சு சொல்லுச்சு. எதிராளிதான் கேஸ நகத்தினாங்க. நியாயமான காரணம் இல்லாம செஞ்சாங்க. மேலிஸோட செஞ்சாங்க. கடைசியில அந்தக் கேஸ் தோத்துப் போச்சு. நாலும் உங்க தலையிலதான், ஒண்ணு விழுந்தாலும் கேஸ் விழுந்துடும்.

கடைசிலேருந்து வரேன். கேஸ் வாபஸ் ஆயிடுச்சு, அதனால 'நான் நிரபராதின்னு கோர்ட்டே சொல்லிடுச்சு'ன்னு எழுதியிருக்கீங்க. கோர்ட்டு அப்படி சொல்லல. குற்றத்த ஒத்துக்கறியா இல்லையான்னு உங்கள இன்னும் கேக்கவே இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்படின்னா 1977-ஆம் வருஷத்து கிரிமினல் ப்ரொசீஜர் சட்டம் 6(a) பிரிவுல வாபஸ் ஆகியிருக்கணும், அதுல விடுதலைங்கற தீர்ப்பு வராது, ப்ராசிக்யூட்டர் நெனச்சா திரும்பத் தொடங்கலாம். ப்ளீ, அதாவது அந்த ஒத்துக்கறியாங்கற கேள்விக்கு உங்க பதில், எடுத்த பிறகு நிறுத்தியிருந்தா 6(b), அதுல விடுதலை தீர்ப்பு கேட்டு வாங்கற உரிமை உண்டு. அதனால மொத வேலையா ப்ராசிக்யூட்டர் ஆபீஸ்ல எழுத்து மூலமா கேளுங்க, ஏன் வாபஸ் வாங்கினீங்க, திரும்பப் போடற எண்ணம் இருக்கான்னு. 'ஆதாரம் இல்ல, முடிச்சுட்டோம்'னு ஒரு வரி பதில் வந்தாலே நாலாவது விஷயத்துக்குப் பெரிய பலம்.

இனி நகத்தினது யாருங்கறது. போலீஸ்ல போய் தெரிஞ்சத உண்மையா சொல்லிட்டு, மத்தத அவங்க முடிவுக்கு விட்டுட்டு வந்தவங்க மேல இந்தக் கேஸ் நிக்காது, கைது பண்றதா வேணாமான்னு முடிவெடுத்தது போலீஸ், கோர்ட்டுக்குக் கொண்டு போனது ப்ராசிக்யூட்டர்னு எதிர்த்தரப்பு சொல்லும். ஆனா தெரிஞ்ச ஒரு முக்கியமான விஷயத்த மறைச்சோ திரிச்சோ சொல்லி, அதனாலயே போலீஸ் எறங்கியிருந்தா, அப்ப நகத்தினது அவங்கதான். அதனால அஃபிடவிட்ல என்ன இருக்குங்கறத விட என்ன இல்லங்கறது முக்கியம். கிரிமினல் கேஸ் நடத்தின உங்க வக்கீல்கிட்ட டாக்கெட், அதாவது போலீஸ் கேஸ் ஃபைலோட நகல் இருக்கும், அத வாங்கிடுங்க. இல்லன்னா 2000-ஆம் வருஷத்து தகவல் பெறும் சட்டத்துல, இங்க பாயான்னு சொல்வாங்களே, அதுல விண்ணப்பம் போடலாம்.

நியாயமான காரணம்ங்கற எடத்துல உங்களுக்குக் கசப்பான ஒண்ணு சொல்லணும். பொதுப் பணத்த 23 நாள் பீரோவுல வெச்சிருந்தது சரியில்ல அம்மா. நல்ல எண்ணத்துலதான் வெச்சீங்க, நம்பறேன், ஆனா அந்த எண்ணம் தெரியாத ஒரு கமிட்டி மெம்பர் வெளியிலேருந்து பாத்தா சந்தேகப்பட நியாயம் இருக்கு. இது சம்பந்தமா கோர்ட்டுகள் இன்னிக்கு வரைக்கும் எடுத்துக் காட்டறது 1955-ல வந்த அப்பீல் கோர்ட் தீர்ப்பு. அது ரெண்டு கேள்வி கேக்குது: சாதாரணமா யோசிக்கற ஒரு மனுஷனுக்கு 'இவங்க செஞ்சிருக்கலாம்'னு தோணற அளவுக்குத் தகவல் இருந்துதா? அப்படி இருந்தாலும் புகார் குடுத்தவங்க மனசார அத நம்பினாங்களா? ரெண்டாவது கேள்வியிலதான் உங்க கேஸ் உயிரோட இருக்கு.

ஆறாவது பக்கத்துல ஒரே வரி

நாலு பக்கம் பழைய பகைய எழுதிட்டு, ஆறாவது பக்கத்துல மேலோட்டமா ஒரு வரி எழுதியிருக்கீங்க: 'காவடி முடிஞ்ச மறுநாளே அவளுக்கு வாய்ஸ் நோட் அனுப்பினேன், பதிலும் போட்டா.' அந்த வாய்ஸ் நோட்ட எழுதி அனுப்புங்கன்னு கேட்டதுக்கு நீங்க அனுப்பினது இது: 'அக்கா, கார்டு எக்ஸ்பயர் ஆயிடுச்சு, பணத்த நான் எடுத்து வெச்சிருக்கேன், புதுசு வந்ததும் போட்டுடறேன்.' அவங்க பதில் டைப் பண்ணியிருக்காங்க: 'ஓகே மா, பேங்க்ல போட்டதும் ஸ்லிப் அனுப்பு.'

அஃபிடவிட்ல அவங்க இங்கிலீஷ்ல சொல்லியிருக்கறதா உங்க வக்கீல் சொன்னது, 'பணத்த எடுத்துக்கிட்டேன்னு அவளே எங்கிட்ட ஒத்துக்கிட்டா.'

எடுத்து வெச்சிருக்கேன், எடுத்துக்கிட்டேன். தமிழ் தெரிஞ்ச சின்னப் பிள்ளைக்குக் கூட வித்தியாசம் தெரியும், ஒண்ணு பத்திரம் பண்ணினது, இன்னொண்ணு தன்னோடதாக்கிக்கிட்டது. இங்கிலீஷ்ல போகும்போது 'வெச்சிருக்கேன்' கழண்டு விழுந்துடுச்சு, 'எடுத்தேன்' மட்டும் நிக்குது, அதுக்கு ஜெயில் வாசம் வந்துடுச்சு.

எதிர்த்தரப்பு வக்கீல் நல்லவரா இருந்தா இங்கதான் நிப்பார். 'எங்க கட்சிக்காரங்க இங்க பொறந்தவங்க, நாலு தலைமுறையா இங்கிலீஷ்தான் வீட்டு பாஷை, தமிழ் கோயில்ல கேக்கறதோட சரி, அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, மனசார நம்பினாங்க'ன்னு. இது லேசான வாதம் இல்ல, 1860-ல ட்ரூரோ கப்பல்ல வந்தவங்க காலத்துலேருந்து நம்ம ஜனத்துக்கு இங்க பாஷை எப்படித் தேஞ்சு போச்சுன்னு ஜட்ஜுக்கும் தெரியும். தப்பாப் புரிஞ்சுக்கறது மேலிஸ் ஆகாது. விசாரிக்காம அவசரப்பட்டாங்கன்னு நிரூபிச்சாலும் பத்தாது, மொலேகோ தீர்ப்பு ரொம்பக் கறாரா சொல்லுது, அலட்சியம் போதாது, படு அலட்சியமே ஆனாலும் போதாதுன்னு. 'நாம செய்யறது அநியாயமா இருக்கலாம்'னு மனசுல தோணியும், ஆனது ஆகட்டும்னு துணிஞ்சிருக்கணும், கொறஞ்சது அவ்வளவாவது வேணும். அந்த வக்கீல் கஷ்டம்னு சொன்னது இதனாலதான், அவர் உங்கள ஏமாத்தல.

ஆனா அவங்க பதில் அந்த வாதத்த ஒடைக்குது. தப்பாப் புரிஞ்சுக்கிட்டவங்க 'ஸ்லிப் அனுப்பு'ன்னு கேக்க மாட்டாங்க. பேங்க்ல போடப் போறீங்கன்னு அவங்களுக்கு அன்னிக்கே புரிஞ்சிருக்கு, அது தெரிஞ்சே போலீஸ்கிட்ட சொல்லாம விட்டிருக்காங்க. இன்னொண்ணும் பாக்கணும், நீங்க பணம் போட்டதும் வர்ற மெசேஜ் கமிட்டித் தலைவர் ஃபோனுக்குத்தான் போகும்னு எழுதியிருக்கீங்க. அந்த ரெண்டு நாள்ல அவர் செயலாளர்கிட்ட சொன்னாரா? சொல்லியிருந்தா, பணம் முழுசா வந்துடுச்சுன்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு ஆகும், அதுக்கு மேல எனக்கு வேற மேலிஸ் வேணாம். அவர்கிட்ட நீங்களே போய்க் கேக்காதீங்க, சாட்சிய நீங்க கலைச்சீங்கன்னு வரும், வக்கீல் மூலமா எழுதச் சொல்லுங்க.

அப்ப அந்த நாலு பக்கம் வீணான்னு கேப்பீங்க. இல்ல. அது மேலிஸ நிரூபிக்காது, ஆனா இந்த வாய்ஸ் நோட் மூலமா மொத கதவு தொறந்த பிறகு, தெரிஞ்சும் ஏன் சொல்லாம விட்டாங்கங்கற கேள்விக்குப் பதிலா பின்னாடி வந்து நிக்கும். அதுலயும் நாலு பக்கம் வேணாம், பாத்திரம் பிரிச்சப்ப 'உன்ன ஒரு நாள் ஜெயில்ல பாப்பேன்'னு சொன்னதா எழுதியிருக்கீங்களே, அந்த ஒண்ணும், அதக் கேட்ட ஆளும் போதும்.

உடைஞ்ச ஃபோன்

இங்க நீங்க நெனச்சுக்கிட்டிருக்கறது தப்பு, தெளிவா சொல்லிடறேன். உங்க மேல இருக்கற சார்ஜ் மேலிஷியஸ் இஞ்சுரி டு ப்ராப்பர்ட்டி. பேர்ல மேலிஷியஸ்னு இருக்கறதால வன்மம் வேணும்னு நெனச்சிட்டீங்க, நெறைய பேர் அப்படித்தான் நெனக்கறாங்க. இந்தக் குற்றத்துக்கு ஆஃப்ரிகான்ஸ்ல இருக்கற பேரப் பாத்தா விஷயம் வெளங்கிடும், 'ஒப்செட்லிக்க சாக்பெஸ்காடிகிங்', வேணும்னே செஞ்ச பொருள் சேதம். வன்மம்ங்கற பேச்சே அதுல கிடையாது. அடுத்தவங்க பொருள், சட்ட விரோதமா, தெரிஞ்சே சேதம் பண்ணீங்க, அவ்வளவுதான். ஃபோன சிமெண்ட் தரையில ஓங்கி அடிச்சா உடையும்னு உங்களுக்குத் தெரியும்.

கோவத்துல கை மீறிடுச்சுங்கறதும் தாங்காது. 2002-ல ஈடி வழக்குல, ரோட்டுல சண்ட போட்டு ஒரு ட்ரைவர அடிச்சே கொன்னவர் எனக்குக் கட்டுப்பாடே போயிடுச்சுன்னு சொன்னதுக்கு, கோவத்த இழுத்துப் புடிக்காம விட்டது வேற, நெஜமாவே கட்டுப்பாட்ட இழந்தது வேறன்னு அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. அது பெரிய விஷயம், உங்களோடது ஒரு ஃபோன், ஆனாலும் அளவுகோல் அதேதான். தண்டனைய முடிவு பண்றப்ப உங்க மனநிலைய கண்டிப்பா கணக்குல எடுப்பாங்க, சும்மா யாரும் வம்புக்குப் போகல, அவங்க பண்ணினதுக்கப்புறம் நடந்ததுன்னு சொல்லலாம்.

என் யோசனை, ஃபோன் விலையக் குடுத்துடுங்க, வக்கீல் மூலமா எழுத்துல. ப்ராசிக்யூட்டர்கிட்ட டைவர்ஷன் கேக்கச் சொல்லுங்க, மொத தடவ சின்ன விஷயம்னா கோர்ட்டுக்குப் போகாம முடிக்கற வழி அது. ஒண்ணு மட்டும் பயந்து இருங்க: 'ஃபைன் கட்டிட்டுப் போயிடுங்க'ன்னு அட்மிஷன் ஆஃப் கில்ட் பேப்பர் நீட்டினா கையெழுத்துப் போடாதீங்க. அது பார்க்கிங் ஃபைன் மாதிரி இல்ல, குற்றத்த ஒத்துக்கிட்டதா ஆகி குற்றப் பதிவு விழலாம், விழுந்தா பின்னால மகனப் பாக்க வெளிநாடு போக விசா கேக்கும்போதுதான் அது வெளிய வரும், இப்படி வந்து அழுதவங்கள நான் பாத்திருக்கேன்.

ஸ்டேட்டஸும் போலீஸ் செல்லுல இருந்த ரெண்டு நாளும்

'சாமி காசத் தின்னவ'ன்னு போட்டது அவதூறு. இதுல உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு: மானத்த கெடுக்கற வார்த்தை, உங்களப் பத்தினது, மூணாவது ஆள் பாத்தாங்க, இந்த மூணையும் காட்டினா போதும், அது சட்ட விரோதம், வேணும்னேதான் செஞ்சாங்கன்னு சட்டமே வெச்சுக்கும், இல்லன்னு காட்ட வேண்டியது அவங்க வேலை. கமிட்டிக்குள்ள அவங்க குடுத்த புகாருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு, கடமைக்காக சொல்லவேண்டியவங்க கேக்கவேண்டியவங்ககிட்ட சொன்னதுன்னு, ஆனா கெட்ட உள்நோக்கத்தோட சொன்னதுன்னு நீங்க காட்டினா அந்தப் பாதுகாப்பு போயிடும். வீட்டுல சொல்ற வன்மம் சட்டத்துக்குள்ள நேரா நுழையற எடம் இதுதான். உங்க நாலு பக்கத்துல நல்ல பகுதிங்க இங்கதான் பயன்படும். ஸ்டேட்டஸுக்கு அந்தப் பாதுகாப்பே கிடையாது, அவங்க காண்டாக்ட்ல இருக்கற எல்லாருக்கும் கோயில் கணக்குல என்ன சம்பந்தம்?

ஸ்டேட்டஸ நிறுத்தறதுக்கு இன்னொரு குறுக்கு வழி, 2011-ஆம் வருஷத்து ஹராஸ்மெண்ட் பாதுகாப்புச் சட்டம். மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல நீங்களே போய் ஃபார்ம் நெரப்பலாம், வக்கீல் கட்டாயம் இல்ல. அதுல மேலிஸே வேணாம், 'இது கேடு பண்ணும்னு தெரியும், இல்ல தெரிஞ்சிருக்கணும்'ங்கற அளவு போதும். ஒவ்வொரு ஸ்டேட்டஸையும் தேதி தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, 24 மணி நேரத்துல மறஞ்சிடும்.

நீங்களும் பதிலுக்கு எதுவும் போடாதீங்க. 'பொய் கேஸ் போட்டவ'ன்னு நீங்க ஸ்டேட்டஸ் போட்டா இதே சட்டம் உங்க பக்கம் திரும்பும். பொய் அஃபிடவிட் போட்டதுக்கு அவங்க மேல போலீஸ் புகார் குடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க, தெரிஞ்சே பொய் சொன்னா அது 1963-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம்தான், ஆனா டாக்கெட்ட கையில வாங்கி வரி வரியா பாக்கறதுக்கு முன்னாடி போனீங்கன்னா, மேல சொன்ன நாலு கேள்வியும் நாளைக்கு உங்களப் பாத்து கேக்கப்படும்.

செல்லுல இருந்த ரெண்டு நாள் தனி விஷயம், அதுவும் அவசரமான விஷயம். தப்பான கைதுக்கு மேலிஸ் தேவையே இல்ல, 1986-லேருந்தே கைது சரின்னு நிரூபிக்கற பாரம் போலீஸ் மேலதான். திருட்டுங்கறதால நியாயமான சந்தேகம் இருந்தா வாரண்ட் இல்லாம கைது பண்ண அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, அதனால ஜெயிச்சுடுவோம்னு சொல்லமாட்டேன், வெள்ளிக்கிழமை சாயங்காலமா பாத்து ஏன் வந்தாங்க, நீங்க டெபாசிட் ஸ்லிப் காட்டினப்ப அத ஏன் பாக்கல, இதெல்லாம் கேக்கவேண்டிய கேள்வி. ஆனா போலீஸ் மேல போகணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுத்து மூலமா நோட்டீஸ் குடுக்கணும். உங்க கைது ஆகி அஞ்சு மாசம் தாண்டிடுச்சு. தாமதமானா மன்னிச்சு ஏத்துக்கச் சொல்லி கோர்ட்டக் கேக்கலாம், அது இன்னொரு கேஸ், இன்னொரு செலவு. ஓரகத்தி மேல போடறதுக்கு மூணு வருஷம் டைம் இருக்கு, அங்க அவசரப்பட வேணாம்.

எங்க போறது, எதுக்குப் போறது

ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்ல 20,000 ராண்ட் வரைக்கும் போடலாம்னு யாரோ சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. தொகை சரி, ஆனா அவதூறு, மேலிஷியஸ் ப்ராசிக்யூஷன், தப்பான கைது, இதெல்லாம் அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லாத விஷயங்கள். மேஜிஸ்ட்ரேட் கோர்ட்தான், 2 லட்சம் ராண்ட் வரைக்கும் டிஸ்ட்ரிக்ட், அதுக்கு மேல 4 லட்சம் வரைக்கும் ரீஜனல். தோத்தா அவங்க வக்கீல் செலவும் உங்க தலையில வரும், ஜெயிச்சா கூட உங்க செலவு முழுசா திரும்ப வராது. ஜெயிச்சா மட்டும் ஃபீஸ்னு ஒப்பந்தம் போடற வக்கீல்கள் உண்டு, அதுல கிடைக்கற தொகையில 25 சதவீதத்துக்கு மேல அவங்க எடுக்க 1997-ஆம் வருஷத்துச் சட்டம் விடாது, ஒப்பந்தத்தப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

உங்க கடைசி வரிக்கு வரேன். பணம் வேணாம், அவ வாயால சொல்லணும். இத நீங்க ஏதோ சட்டத்துக்கு வெளிய இருக்கற ஆச மாதிரி கூச்சத்தோட எழுதியிருக்கீங்க. 2011-ல ஒரு ஸ்கூல் துணைத் தலைமையாசிரியரோட மூஞ்சிய அசிங்கமான படத்துல ஒட்டின பசங்க வழக்கு கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் வரைக்கும் போச்சு. அங்க நஷ்ட ஈட்ட 45,000 ராண்ட்லேருந்து 25,000-ஆ கொறச்சுட்டு, நிபந்தனை இல்லாம மன்னிப்புக் கேக்கணும்னு சேத்துத் தீர்ப்பு குடுத்தாங்க. ஒடஞ்ச மரியாதைய காசு மட்டும் ஒட்ட வெக்காதுங்கறது இந்த நாட்டுச் சட்டத்துக்கும் புரிஞ்ச விஷயம்தான்.

அதனால கேஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல் கடிதம் போகட்டும், ரெண்டு பக்கம் போதும். வாய்ஸ் நோட்டோட எழுத்து வடிவம், அவங்க பதில், டெபாசிட் ஸ்லிப், தேதி வாரியா. பழைய பகை ஒரு வார்த்தை வேணாம். கேக்கறது மூணு: ஸ்டேட்டஸ் நிறுத்தணும், கமிட்டிக்கு எழுத்துல தப்பு சொன்னேன்னு குடுக்கணும், அடுத்த பொதுக்கூட்டத்துல அத வாசிக்கணும். ஃபோனுக்கு உண்டான காசையும் அதே கடிதத்துல குடுக்கறதா சொல்லுங்க, அப்ப அவங்களுக்கும் எறங்கி வர ஒரு படி கெடைக்கும். 'ஸ்லிப் அனுப்பு'ங்கற அந்தப் பதில அவங்க வக்கீல் பாத்ததும் என்ன சொல்வார்னு எனக்கு ஓரளவு தெரியும்.

வாய்ஸ் நோட்ட சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் மூலமா இங்கிலீஷ்ல எழுதி வாங்குங்க, சொந்தக்காரங்க பண்ணினது செல்லாது, 'எடுத்து வெச்சிருக்கேன்'க்கு அவர் என்ன போடறார்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. 2002-ஆம் வருஷத்து எலக்ட்ரானிக் சட்டப்படி அது கோர்ட்ல சாட்சியா நிக்கும், ஆனா ஸ்க்ரீன்ஷாட்ட விட அந்த சேட்டே இருக்கற ஃபோன் பெரிய சாட்சி, வாய்ஸ் நோட் பக்கத்துல மைக் நீலமா மாறியிருக்கும் பாருங்க, அவங்க கேட்டாங்கங்கறதுக்கு அது அடையாளம். மகன் இந்த மாசம் கான்ட்ராக்ட் முடிஞ்சு உங்களுக்குப் புது ஃபோன் மாத்தித் தரேன்னு சொன்னதா எழுதியிருந்தீங்க. புதுசு வாங்கிக்குங்க, ஆனா பழசக் கடையில குடுத்துடாதீங்க, எதையும் அழிக்காம, சார்ஜரோட சேத்து, அதே பீரோவுல எடுத்து வைங்க.